தட்டைப் பார்த்த பிறகு ஊசி

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னதுமே எல்லோருக்கும் இன்சுலின் ஊசியை நினைத்துத்தான் பயம். அது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். முனை அவ்வளவு மெல்லியது. பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு மருத்துவராக எனக்குப் பயமெல்லாம், பூனை சாப்பிட்டதா என்று பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்துப் போடும் ஊசியை நினைத்துத்தான்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். தலை நிற்கவில்லை, பின்னங்கால்கள் துவண்டிருந்தன, உதட்டோரம் துடித்துக்கொண்டே இருந்தது. ரத்தச் சர்க்கரை 32. அறுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஏழு மணிக்கு அம்மா ஊசி போட்டிருக்கிறார். அது தெரியாமல் மகனும் போட்டுவிட்டார். பூனையோ அன்று உணவை முகர்ந்து பார்த்ததோடு சரி. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம்தான் அது எழுந்து உட்கார்ந்தது.

அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஊசி போட்டவர் அந்த நிமிடமே நேரத்தை எழுதிவிட வேண்டும், எவ்வளவு சாப்பிட்டது என்பதையும் சேர்த்து. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள். மருந்து பாதி ரோமத்தில் சிந்திவிட்டது போலத் தோன்றினாலும் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும். இரண்டு மடங்கு போய்விட்டால் உயிர் போகலாம்.

பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை ஊசி. உங்களால் தினமும் வீட்டில் இருக்க முடிகிற நேரமாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் உணவு வையுங்கள், சாப்பிடுவதைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் ஊசி. நாள் முழுக்கக் கொறிக்கும் பூனை என்றால் ஒரு வேளைத் தட்டை வைத்துக் கணக்குப் போட முடியாது. வழக்கமான பசி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கத்தில் பாதிகூடச் சாப்பிடவில்லை, அல்லது வாந்தி எடுத்தது என்றால், ஊசி போடும் முன் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். அளவைக் குறைப்பதா, விடுவதா என்பதை அவர் சொல்லட்டும். அதற்காக, சாப்பிடவில்லை என்று நாள்கணக்கில் ஊசியை விட்டுக்கொண்டே போவதும் தவறு. ஒரு முழு நாள் சாப்பிடாத சர்க்கரைப் பூனையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்ந்தால் நிலைமை வேகமாகக் கைமீறிவிடும்.

மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றுவது நல்ல விஷயம். ஆனால் சொல்லாமல் மாற்றாதீர்கள். சர்க்கரை இறங்கும், பழைய அளவு இன்சுலினே அப்போது அதிகமாகிவிடும். சிரிஞ்சையும் ஒரு முறை கவனியுங்கள்: யூ-100 இன்சுலினை (ஒரு மில்லியில் 100 யூனிட் மருந்து) யூ-40 சிரிஞ்சில் (மில்லிக்கு 40 யூனிட் என்ற கணக்கில் கோடு போட்டது) அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும்.

தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ப் பசி, கூப்பிட்டால் கவனிக்காமல் வெறித்த பார்வை: இவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். விழிப்போடு இருந்தால் உணவு கொடுங்கள். துவண்டுவிட்டால் ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பு வந்தால் விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம், நேரே கிளம்புங்கள். தேன் தடவியதும் எழுந்து நடந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தேனின் தெம்பு கொஞ்ச நேரம்தான். போட்ட இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்.