பறவையின் வைரஸும் மனிதனின் நுரையீரலும்

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் உயிரிழந்தான். அவனுடைய மூச்சுக்குழாய்ச் சளியில் கிடைத்த இன்ஃபுளுயென்சா வைரஸ், வழக்கமான சோதனைப்பொருள்கள் எதற்கும் பிடிபடவில்லை. மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குச் சென்று, ஆகஸ்ட் மாதத்தில்தான் அது கோழிகளைக் கொல்லும் எச்5என்1 வகை என்பது உறுதியானது. பறவைகளின் வைரஸ், பன்றி போன்ற ஓர் இடைப்பட்ட விலங்கில் உருமாறாமல் நேரடியாக மனிதனிடம் வந்து உயிரைப் பறிக்காது என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டிருந்தது. அந்த நோயலையில் மொத்தம் 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தனர். டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ 15 லட்சம் கோழிகளை ஹாங்காங் அரசு கொன்றழித்தபின் புதிய நோயாளிகள் வரவில்லை.

2003க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் பதிவில் ஏறிய எச்5என்1 மனிதத் தொற்றுகள் 900க்கு மேற்பட்டவை. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். இலேசாக நோயுற்றவர்கள் பரிசோதனைக்கே வராமல் போயிருக்கலாம் என்பதால், உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அப்படியிருந்தும் ஒரு முரண் கண்ணில் படுகிறது. கோழிகளோடு நாள்தோறும் புழங்கும் கோடிக்கணக்கானோரில் மிகச் சிலரையே இந்த வைரஸ் தொற்றுகிறது. தொற்றினால் கொடுமையாகத் தாக்குகிறது. ஆனால் அவர்களிடமிருந்து அடுத்தவருக்குப் பெரும்பாலும் பரவுவதில்லை. இந்த மூன்றுக்கும் காரணம் பெருமளவு ஒன்றேதான் என்பதே இத்துறை ஆய்வுகள் நமக்குக் காட்டிய மிக முக்கியமான உண்மை என்று கருதுகிறேன்.

இன்ஃபுளுயென்சா வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளுட்டினின் என்னும் புரதம் முட்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கிறது. செல்களின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலிருக்கும் சியாலிக் அமிலம் என்னும் ஏற்பியை அது பற்றிக்கொண்ட பிறகே வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். அந்த அமிலம் தனக்கு அடுத்த சர்க்கரையோடு இணையும் விதம் இரண்டு. ஆல்ஃபா 2,3 பிணைப்பில் சங்கிலியின் நுனி நேராக நிற்கிறது. ஆல்ஃபா 2,6 பிணைப்பில் வளைந்துகொள்கிறது. வாத்தின் குடலில் முதல் வகை நிறைந்திருப்பதால் பறவை வைரஸ்கள் அதற்கே பழகியவை. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது வகை.

மனிதனிடம் முதல் வகை அறவே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஆழத்தில் இருக்கிறது. 2006இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குழுவும், வைரஸ் ஆய்வாளர் யோஷிஹிரோ கவாவோகாவின் குழுவும் மனிதத் திசுக்களில் எச்5என்1 எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவை எட்டின: நுரையீரலின் அடியில், இரத்தத்துக்கு ஆக்சிஜனைச் சேர்க்கும் காற்று நுண்ணறைகளில் அது ஒட்டிக்கொள்கிறது. பாதிக்கப்பட்ட பறவையின் எச்சத்தூளையோ, இறைச்சி வெட்டும்போது தெறிக்கும் துளிகளையோ ஏராளமாக உள்ளிழுத்தால்தான் வைரஸ் அவ்வளவு தூரம் சென்றடையும்; ஆகவே தொற்று அரிது. சென்றடைந்துவிட்டால் சேதமடைவது மூச்சின் ஆதாரமான இடம். ஆகவே நோய் கடுமை. அங்கே பெருகும் வைரஸ் இருமலிலும் தும்மலிலும் போதிய அளவு வெளிவருவதில்லை; ஆகவே பரவல் இல்லை.

சேதத்தில் உடலின் எதிர்வினைக்கும் பங்குண்டு. வியட்நாமில் எச்5என்1 நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான முடிவுகளின்படி, இறந்தவர்களிடம் வைரஸின் அளவும், அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்னும் புரதங்களின் அளவும் மிகுந்திருந்தன. வைரஸ் பெருகப் பெருக அழற்சியும் ஏறுவதால், ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடக்க நாட்களிலேயே கொடுப்பது உயிர்காக்கும் செயலாகிறது.

ஆல்ஃபா 2,3 வகை மிகுந்த இன்னோர் இடம் நம் கண். 2003இல் நெதர்லாந்துப் பண்ணைகளில் பரவிய எச்7என்7 வைரஸ் 89 பேரைத் தொற்றியபோது பெரும்பாலானோருக்கு வந்தது கண்ணழற்சிதான். எனினும் ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியாவால் இறந்தார்.

செல்லுக்குள் நுழைவதோடு வைரஸின் சிரமம் தீர்வதில்லை. தன்னைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி வேலைசெய்ய, ஓம்புயிரியின், அதாவது தொற்றிய உயிரின், ஏஎன்பி32ஏ என்ற புரதம் அதற்குத் துணை வேண்டும். பறவைகளில் அந்தப் புரதம் மனிதனுடையதைவிட 33 அமினோ அமிலங்கள் நீளமானது; அந்த நீளத்துக்குப் பழகிய பறவை வைரஸின் நொதி நம் செல்லில் தடுமாறுகிறது என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தனர். வைரஸின் அந்த நொதியில் ஒரு பகுதியான பிபி2 புரதத்தில் 627ஆம் இடத்திலுள்ள குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறினால், அந்த ஒரே மாற்றத்தால் இக்குறை பெருமளவு நீங்கிவிடும். பறவைக் குடலின் 40 டிகிரி வெப்பத்துக்குப் பழகிய நொதி, நம் மூக்கின் 33 டிகிரியிலும் நன்றாக இயங்க இதே மாற்றம் உதவுகிறது.

இத்தகைய மாற்றங்கள் எத்தனை சேர்ந்தால் வைரஸ் காற்றில் பரவும்? 2012இல் ராட்டர்டாமின் வைரஸ் ஆய்வாளர் ரான் ஃபூஷியேயின் குழு, மனிதரைப் போலவே இன்ஃபுளுயென்சா தொற்றும் ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்கில் எச்5என்1ஐச் சோதித்தது. காற்றில் பரவும் திறன் பெற்ற வைரஸ்களில் பொதுவாகக் காணப்பட்டவை ஐந்தே அமினோ அமில மாற்றங்கள். கவாவோகாவின் குழுவும் வேறொரு வழியில் இதை ஒத்த முடிவுக்கு வந்தது. இந்த விவரங்களை வெளியிடலாமா என்று எழுந்த விவாதத்தால் ஆய்வாளர்கள் தாங்களாகவே ஓராண்டு பணியை நிறுத்திவைத்தனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் எந்த மாற்றங்களைக் கண்காணிக்க வேண்டும் என்ற பட்டியலும் இந்த ஆய்வுகளால்தான் வலுப்பெற்றது.

அந்தப் பட்டியல் 2024இல் அவசரமாகத் தேவைப்பட்டது. மார்ச் மாதம் அமெரிக்காவின் டெக்சாஸில் கறவை மாடுகளிடம் எச்5என்1 கண்டறியப்பட்டது. மாட்டின் மடியில் வைரஸ் பெருகி, காய்ச்சாத பாலிலேயே குவிந்திருந்தது. பால்கறவைக் கருவிகள் அதை மாட்டுக்கு மாடு கொண்டுசென்றன. பாலைப் பாஸ்ச்சர் முறையில் காய்ச்சினால் வைரஸ் செயலிழந்துவிடும் என்றாலும், கறவைக் கூடத்தில் முகத்தில் பால் தெறிக்க வேலைசெய்யும் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்குக் கண்கள் சிவந்தன. பெரும்பாலோர் இலேசான நோயோடு தேறினர்.

அவ்வாண்டு டிசம்பரில், ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் இந்த மாட்டு வைரஸின் ஹீமக்ளுட்டினினில் 226ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினாலே அது ஆல்ஃபா 2,6 வகையைப் பற்றத் தொடங்கும் என்று காட்டினர். முன்பு இதற்குப் பல மாற்றங்கள் தேவைப்பட்டன. ஏற்பியைப் பற்றுவது மட்டுமே பரவலுக்குப் போதாது என்பதை அவர்களும் வலியுறுத்தினர். டெக்சாஸில் முதலில் கண் சிவந்த தொழிலாளியின் மாதிரியில் 226ஆம் இடம் மாறியிருக்கவில்லை. ஆனால் மாடுகளின் வைரஸில் பொதுவாகக் காணப்படாத பிபி2 627 மாற்றம், அந்த மாதிரியில் ஏற்கெனவே இருந்தது.