தீவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டீர்களா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் என் கிளினிக்குக்கு உடம்பு நன்றாக இருப்பவர்களும் வர ஆரம்பிப்பார்கள். "பக்கத்துத் தீவுக்குப் போறோம் டாக்டர், நாலு நாள்தான், வாந்திக்கு மட்டும் ஏதாவது எழுதிக் கொடுங்க" என்பார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று, ரூம் போட்டாயிற்று, பிள்ளைகளுக்கு நீச்சல் உடைகூட வாங்கியாயிற்று. மருந்து எழுதுவதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: அங்கிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு? நீங்கள் திரும்பி வரும் நாளில் மட்டும் இல்லை, தினமும். பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது.

இதை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், ஊரில் நடுராத்திரி பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் ஏதோ ஒரு வண்டியைப் பிடித்து ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், சின்னத் தீவில் இருட்டிய பிறகு அந்த வழியே இருக்காது, காற்று பலமாக அடித்தால் பகலிலும் படகை எடுக்க மாட்டார்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று நாம் நினைக்கும் தூரம், கடல் அமைதியாக இருக்கும் பகல் நேரத்துக்கான தூரம். அதனால் பயணத் திட்டத்தைக் கடற்கரையிலிருந்து தொடங்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அழகான கடற்கரையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துத் தருவார்கள்.

தங்கப்போகும் இடத்துக்குப் போன் போட்டு நேராகக் கேளுங்கள். தீவில் ராத்திரி டாக்டர் இருக்கிறாரா, இல்லை நர்ஸ் மட்டும்தானா, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, போன தடவை யாருக்காவது ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனபோது எப்படிக் கொண்டுபோனீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். "வேகப் படகு ஒன்று இருக்கு சார், ஓட்டுபவர் இங்கேயே தங்குகிறார், இவ்வளவு நேரத்தில் கரைக்குப் போய்விடலாம்" என்று விவரமாகச் சொன்னால் அவர்கள் இதை யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், பார்த்துக்கலாம்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். வெளிநாட்டுத் தீவாக இருந்தால் பயணக் காப்பீட்டில் அவசர நிலையில் படகிலோ ஹெலிகாப்டரிலோ ஏற்றிச் செல்லும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடும் பாலிசிகள் உண்டு.

அடிக்கடி வீசிங் வரும் பிள்ளை, சமீபத்தில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த அப்பா, பிரசவத்துக்கு நெருங்கிய மகள், இவர்களில் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் போகவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி உள்ள பெரிய தீவில் தங்குங்கள், சின்னத் தீவுக்குக் காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புங்கள் என்பேன். அவர்களுக்கும் கடல் பார்க்கக் கிடைக்கும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

சரி, வாந்திக்கு வருவோம். கடல் குமட்டலுக்கான மாத்திரை, ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட்டால்தான் வேலை செய்யும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே உட்காருங்கள். பிள்ளைகளின் கையிலிருந்து போனை வாங்கிவிட்டு, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பொதுவாக இந்தக் குமட்டல் வருவதில்லை, அவர்களுக்கு மருந்து தேவையும் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், புரோஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகளில் பலவும் சிறுநீரை அடைக்கும் அல்லது கண்ணைப் பாதிக்கும்.

வாந்தியால் வரும் பெரிய ஆபத்து வாந்தியே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மா விடியற்காலைப் படகுக்காக அவசரமாகக் கிளம்புகிறார், வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிடுகிறார், அதுவும் அலையில் வெளியே வந்துவிடுகிறது. இறங்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது, வாய் குழறுகிறது. கூட இருப்பவர்கள் "வெயில்ல களைச்சுப்போச்சு, கொஞ்சம் படுக்கட்டும்" என்று ரூமில் படுக்க வைத்துவிடுகிறார்கள். அது களைப்பு இல்லை, லோ சுகர். இப்படிப் படுத்த சிலரை அவர்கள் ஊர் திரும்பிய பிறகு நான் பார்த்திருக்கிறேன், தப்பித்ததே அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் பயண நாள் காலையில் எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டரும் சர்க்கரையும் கைப்பையில் இருக்கட்டும், படகின் அடியில் அடுக்கும் பெட்டிக்குள் வேண்டாம். சுயநினைவு சரியாக இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

இன்சுலின் வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் அது வீண் என்பது பலருக்குத் தெரியாது, ஐஸ் கட்டிமேல் நேராக வைத்துக் கொண்டுபோய்விடுகிறார்கள். துணியில் சுற்றி, ஐஸ் பையைத் தொடாமல் வையுங்கள். மாத்திரைகளைத் தேவைக்கு மேல் சில நாட்களுக்கு எடுத்துச் செல்லுங்கள், கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் நீங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். தீவு மருந்துக்கடையில் உங்கள் பிராண்டு இருக்காது, அதனால் மருந்தின் வேதிப் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. சுறா வருமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. பிள்ளை தண்ணீரில் மூழ்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 5 வயதுக்கும் குறைந்த குழந்தை. நாம் மனதில் வைத்திருக்கும் காட்சி, கையை ஆட்டிக்கொண்டு "காப்பாத்துங்க" என்று கத்துவது. நிஜத்தில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது மூச்சு எடுப்பதற்கே நேரம் போதாது, கத்துவதற்குக் காற்று எங்கிருந்து வரும்? கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், ஆட்ட முடியாது. விளையாடுகிறான் என்று தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம்.

குடும்பமாகப் போகும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. சித்தப்பா பார்த்துக்கொள்கிறார் என்று அம்மா நினைக்கிறார், அண்ணி பார்க்கிறாள் என்று சித்தப்பா நினைக்கிறார், ஆள் நிறைய இருப்பதாலேயே யாருமே பார்ப்பதில்லை. அதனால் முறை போடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருவர், அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக் கூடாது, குடித்திருக்கக் கூடாது, அடுத்தவரிடம் "இனி நீ பாரு" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளை என்றால் கரையிலிருந்து பார்ப்பது போதாது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீங்களும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்கள் பொம்மைகள்தான், லைஃப் ஜாக்கெட் ஆகாது. படகில் பிள்ளைக்குக் கொடுக்கும் ஜாக்கெட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், அது காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது, வேறு கேளுங்கள். வேறு இல்லை என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள். காற்றடைத்த மிதவைப் படுக்கையைக் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் அது பிள்ளையை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகும் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ரிப் கரண்ட் என்று ஒன்று, கரைக்கு வந்த தண்ணீர் ஒடுங்கிய பாதையில் மறுபடி கடலுக்குள் ஓடும் நீரோட்டம். நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும் வேகம்கூட வரலாம், ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருப்பதால் பார்ப்பதற்கு அமைதியாகத் தெரியும், பெற்றோர் "இங்கே அலை இல்லை, இங்கேயே விளையாடுங்க" என்று பிள்ளைகளை அங்கேயே இறக்குவார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் நிறம் மாறிய ஒரு பட்டை, அதில் மணலும் நுரையும் கடல்பக்கம் நகர்கிறது என்றால் அங்கே இறங்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். மிதந்துகொண்டு கையைத் தூக்குங்கள், அது உங்களை அடிக்கு இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். இழுப்பு தளர்ந்த பிறகு கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடம் வழியாகத் திரும்புங்கள். கரையில் இருப்பவர்கள் வெறுங்கையோடு பின்னால் குதிக்க வேண்டாம், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது அடிக்கடி நடக்கிறது. மிதக்கும் எதையாவது வீசுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில் பிள்ளைகளைக் குளிக்க விடுவதே எனக்கு உடன்பாடு இல்லை, போட்டோவில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நேரத்தை வீணாக்கும். உடம்புக்குத் தேவைப்படுவது காற்று. சாதாரண மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு நெஞ்சில் 30 அமுக்கு, 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். கிளம்புவதற்கு முன் குடும்பத்தில் இரண்டு பேராவது இதை முறையாகப் பொம்மையில் செய்து பழகிவிட்டு வாருங்கள், வீடியோ பார்த்தது கைக்கு வராது. காப்பாற்றிய பிள்ளை எழுந்து சிரித்தாலும் அடுத்த சில மணி நேரம் கவனியுங்கள். இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாகிறது, வழக்கத்தைவிடத் தூங்கி வழிகிறான் என்றால் உடனே ஆஸ்பத்திரி. கடைசிப் படகு கிளம்பும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அதற்கு முன்பே முடிவு எடுங்கள்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் நிழலில் இருங்கள். தண்ணீருக்குள் இருந்தால் சுடாது என்று எண்ண வேண்டாம், மேலே விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 40 சதவீதம் அரை மீட்டர் ஆழத்திலும் வந்து சேரும். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து வந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் துணியும் போதும். அப்புறம், கடற்கரையில் பிள்ளைகளுக்குப் போட்டுவிடும் கறுப்பு மருதாணி டாட்டூ வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்புக்காக முடிச்சாயத்தில் வரும் பிபிடி என்ற ரசாயனத்தைக் கலப்பார்கள், சில பிள்ளைகளுக்குக் கொப்புளம் வந்து வடு நின்றுவிடும், பெரியவர்களான பிறகு தலைக்குச் சாயமே போட முடியாத அலர்ஜியும் தங்கிவிடும்.

ஜெல்லி மீன் பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், சிறுநீர் ஊற்றும் வைத்தியம் வேண்டாம். ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். பெட்டி ஜெல்லி மீன் என்ற கொடிய விஷமுள்ள வகை இருக்கும் கடலில் வினிகர் ஊற்றுவது பயன் தரும், அதனால்தான் அப்படிப்பட்ட கடற்கரைகளில் வினிகர் பாட்டிலே வைத்திருக்கிறார்கள். திருக்கையோ கல் மீனோ குத்தினால் உயிர்போகும் வலி வரும், தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் (45 டிகிரிக்கு மேல் போகாமல்) காலை வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும். வலியில் சூடு தெரியாது, அதனால் வேறொருவர் கை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் படகைக் கூப்பிடுங்கள்.

ஆழ்கடல் டைவிங் செய்பவர்கள் திரும்பும் விமானத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடுங்கள். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் குமிழ் உண்டாகும் நோய் வரலாம்.

பெரிய பவளப்பாறை மீன்களில், ஷீலா, களவா போன்றவற்றில், சில கடல்களில் சிகுவாடெரா என்ற நச்சு சேர்ந்திருக்கும், சமைத்தாலும் போகாது. உள்ளூர் ஆட்கள் எந்த மீனைத் தொடுவதில்லை என்று விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா மருந்திலும் மலிவானதும் அதிகம் உதவுவதும் அதுதான்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும், அதனால் ராத்திரிக்கு மட்டும் வலை கட்டிப் பயனில்லை, காலையிலிருந்தே கொசு விரட்டி பூச வேண்டும். சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி அதற்குமேல். மலேரியா உள்ள தீவு என்றால் தடுப்பு மருந்தைக் கிளம்புவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும், அதற்காகவாவது முன்னதாக டாக்டரைப் பாருங்கள். டெங்கு, கொசு கடித்த 4 முதல் 10 நாளில் தெரியும், மலேரியா அதற்குப் பிறகும் வரலாம், ஆகவே காய்ச்சல் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் ஆரம்பிக்கும், அதற்குள் தீவை நீங்களே மறந்திருப்பீர்கள். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள், இபுபுரோஃபனோ ஆஸ்பிரினோ வேண்டாம், டெங்குவில் ரத்தக் கசிவை அவை கூட்டும். டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் காய்ச்சல் எத்தனை நாள் என்பதைச் சொல்லும்போதே, எந்தத் தீவுக்கு எந்தத் தேதியில் போனீர்கள் என்பதையும் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.