கால் எவ்வளவு நேராக இருக்க வேண்டும்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள், முதலில் காலின் வடிவத்தைத்தான் கவனிப்பார்கள். வில்லாக வளைந்திருந்த கால் நேராகியிருந்தால் சிகிச்சை நன்றாக நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எது நேர், எல்லாருக்கும் அதே நேர்தான் வேண்டுமா என்பதில் எலும்பு மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் ஓயவில்லை.

அளவு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்ப்போம். நோயாளியை நிற்கவைத்து இடுப்பு முதல் பாதம் வரை ஒரே படமாக எக்ஸ்ரே எடுக்கிறார்கள். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்தின் மையத்தையும் கணுக்காலின் மையத்தையும் ஒரு கோட்டால் இணைக்கிறார்கள். உடல் எடை இந்தக் கோட்டின் வழியேதான் தரைக்கு இறங்குகிறது. கோடு முழங்காலின் நடுவே போனால் கால் நேர். நடுவுக்கு உள்பக்கம் போனால் வளைந்த கால், வெளிப்பக்கம் போனால் முட்டிகள் இடித்துக்கொள்ளும் கால். தொடை எலும்பின் தண்டு இந்தக் கோட்டோடு ஒட்டிப் போவதில்லை. அதிலிருந்து 5 முதல் 7 டிகிரி விலகியே இருக்கிறது. அதனால் முழங்காலை மட்டும் எடுத்த சின்ன எக்ஸ்ரேயை வைத்து முழுக் காலின் நேரைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

கால் நேராக இருந்தாலும் நடக்கும்போது மூட்டின் உள்பக்கத்துக்குத்தான் அதிகச் சுமை. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் நிற்கும் நொடியில் உடம்பின் எடைமையம் அந்த முழங்காலுக்கு உள்பக்கமாக விழுவதுதான் காரணம். கால் வளைய வளைய இந்தச் சுமை கூடிக்கொண்டே போகும்.

1970களில் செயற்கை மூட்டை வடிவமைத்தவர்களின் பெரிய கவலை இதுதான். நியூயார்க்கின் ஹாஸ்பிடல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் ஜான் இன்சாலும் சகாக்களும் உருவாக்கிய 'டோட்டல் காண்டிலர்' மூட்டு 1974இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காலத்து மூட்டுகளில் உள்பக்கச் சுமை கூடினால் கீழ்ப்பகுதி தளர்ந்துவிடும், எலும்புக்குள் புதைந்துவிடும். அதனால் தெளிவான ஒரு விதி பிறந்தது: தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சுமைக்கோட்டுக்குச் சரியாக 90 டிகிரியில் வெட்டு, சுமையை இரு பக்கமும் பங்கிடு. 1991இல் இங்கிலாந்தில் வெளியான 115 மூட்டுகளின் ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. நேரிலிருந்து 3 டிகிரிக்குள் அமைந்த மூட்டுகளில் 3 சதவீதமே தளர்ந்தன. அதைத் தாண்டியவற்றில் 24 சதவீதம் தளர்ந்தன. 'கூட்டல் கழித்தல் 3 டிகிரி' அதன்பின் கிட்டத்தட்ட சட்டமாகவே நிலைத்துவிட்டது.

இந்த விதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயற்கையான கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு 90 டிகிரியில் இல்லை. பெரும்பாலானோருக்கு அது சுமார் 3 டிகிரி உள்பக்கம் சாய்ந்திருக்கும். தொடை எலும்பின் அடிப்பகுதி ஏறக்குறைய அதே அளவு எதிர்த்திசையில் சாய்ந்து அதை ஈடுகட்டும். இந்தச் சாய்வை அழித்து மட்டமாக வெட்டினால், ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள எலும்பில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். எலும்பை எப்படியும் வெட்டலாம். ஆனால் மூட்டைப் பிடித்து நிற்கும் லிகமெண்டுகளின் நீளம் மாறுவதில்லை. ஒரு பக்கம் இறுகும், மறு பக்கம் தளரும். பழைய வீட்டில் நிலை சற்றுச் சாய்ந்திருக்கும்போது புதுக் கதவை மட்டம் பார்த்துச் செய்து மாட்டினால் என்ன ஆகுமோ, அதேதான். அப்புறம் இறுகிய பக்கத்து லிகமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துத்தான் சமன் செய்ய வேண்டியிருக்கும். முழங்காலை மடக்கும்போது எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரு பக்கமும் சரியாக வருவதற்காகச் செயற்கை மூட்டின் தொடைப் பகுதியை 3 டிகிரி திருப்பிவைப்பதும் இந்த ஈடுகட்டலில் ஒன்று.

நேரான கால்தான் இயல்பு என்ற நம்பிக்கையையே 2012இல் ஒரு பெல்ஜியம் ஆய்வு அசைத்தது. ஜோஹான் பெல்லெமான்ஸ் குழு, 20 முதல் 27 வயதுவரை உள்ள, முழங்காலில் எந்தப் பிரச்சினையும் இல்லாத 250 பேரை ஆராய்ந்தது. ஆண்களில் 32 சதவீதம், பெண்களில் 17 சதவீதம் பேருக்குக் கால் இயல்பாகவே 3 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்திருந்தது. இவர்களில் ஒருவருக்கு அறுபது வயதில் மூட்டு மாற்றி, காலைப் பூஜ்யம் டிகிரிக்குக் கொண்டுவந்தால், அவர் வாழ்நாளில் ஒருபோதும் கண்டிராத ஒரு காலை அவருக்குக் கொடுக்கிறோம். எனக்கு இந்த விவாதத்தின் மையமே இதுதான் என்று தோன்றுகிறது.

பெல்ஜியம் ஆய்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 398 மூட்டுகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 3 டிகிரிக்குள் அமைந்தவை, வெளியே போனவற்றைவிட 15 ஆண்டுகளில் அதிகமாக நிலைத்துவிடவில்லை. மூட்டின் வடிவமைப்பும் அதைப் பொருத்தும் முறையும் 1970களில் இருந்த இடத்தில் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் எலும்பு மருத்துவர் ஸ்டீபன் ஹோவெல் முன்வைத்த வழி முற்றிலும் வேறு: தேய்மானத்துக்கு முன் அந்தக் கால் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடு. கணக்கு எளிது. பொருத்தும் உலோகம் 8 மில்லிமீட்டர் தடிமன் என்றால், தேயாத பக்கத்தில் வெட்டிய துண்டு 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மீதி 1 மில்லிமீட்டர் ரம்பம் தின்றது. குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்த பக்கத்தில் துண்டு 5 மில்லிமீட்டர் போதும். குறைகிற 2 மில்லிமீட்டர், காணாமல் போன குருத்தெலும்பு. ஒவ்வொரு துண்டையும் வெளியே எடுத்து அறுவை மேசையிலேயே காலிப்பரால் அளக்கிறார்கள். எடுத்த அளவுக்குச் சரியாக வைப்பதால் லிகமெண்டுகளை விடுவிக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

பலன் என்ன? அமெரிக்காவில் 88 பேரைக் கொண்ட ஒரு சோதனை, இரண்டு ஆண்டு முடிவில் இந்தப் புது முறையினருக்கு வலி குறைவு, மடக்கும் திறன் அதிகம் என்றது. நியூசிலாந்தில் 2017இல் வெளியான, 99 மூட்டுகள் கொண்ட சோதனை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றது. ஆகவே எந்த மருத்துவமனையாவது புது முறைதான் சிறந்தது என்று அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். நோயால் பத்துப் பதினைந்து டிகிரி கோணிப்போன காலையும், பிறவியிலேயே மிக அதிகமாக வளைந்த காலையும் உள்ளபடியே திருப்பிக் கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. கனடாவின் மாண்ட்ரியால் நகர எலும்பு மருத்துவர் பஸ்கல் ஆந்த்ரே வெந்தித்தோலி இதற்கு வேலி போட்டார்: ஒவ்வொரு எலும்பின் சாய்வும் 5 டிகிரிக்குள், முழுக்காலின் விலகல் 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குள் அடங்குகிறவர்களுக்கு அவரவர் கால், அடங்காதவர்களுக்குத் தேவையான அளவு மட்டும் திருத்தம். எனக்கு இதுவே நிதானமான வழியாகப் படுகிறது.

இப்போது விளம்பரங்களில் அடிபடும் ரோபோ இந்த விவாதத்தைத் தீர்த்துவைப்பதில்லை. குறித்துக் கொடுத்த கோணத்தில் வெட்டுவதைத் துல்லியமாக்குவதுதான் அதன் வேலை. பூஜ்யம் டிகிரியா, 3 டிகிரியா என்று குறிப்பவர் மருத்துவர். சிகிச்சைக்குப் போகிறவர்கள் எந்த இயந்திரம் என்று கேட்பதோடு, நிற்கவைத்து எடுக்கும் முழுக்கால் எக்ஸ்ரே எடுப்பார்களா, தேய்மானத்துக்கு முன் தன் கால் எப்படி இருந்திருக்கும் என்று கணித்தார்களா, எந்தக் கோணத்தை இலக்காக வைத்திருக்கிறார்கள், ஏன் என்றும் கேட்கலாம். இளவயதில் நின்றபடி எடுத்த பழைய புகைப்படம் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டலாம்.