கேஜ் – சொல் விளக்கம்: கம்பியின் மேல் உள்ள எண் எதைச் சொல்கிறது?

பழைய இராணுவ லாரி ஒன்றின் மின்கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக இழுக்க முனைகிறவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘கேஜ்’ என்பதாகும். அமெரிக்க வண்டியின் மின்சுற்று வரைபடத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் எதிரே 14 கேஜ், 10 கேஜ், 00 கேஜ் என்று குறித்திருப்பார்கள். அந்த 14 என்னும் எண் மில்லிமீட்டரையும் குறிப்பதில்லை, ஆம்பியரையும் குறிப்பதில்லை. தடிமனின்படி அடுக்கப்பட்ட ஒரு வரிசையில் அந்தக் கம்பி எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் கம்பி வாங்கினால், வண்டி ஓடும். ஆனால் முகப்பு விளக்கு மங்கலாக எரியும், ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும்.

இச்சொல் ஆங்கிலத்திற்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது பீப்பாய்க்குள் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க உள்ளே விட்டு எடுக்கும் கோலைக் குறித்தது. நம்முடைய ‘அளவுகோல்’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் அதுவே. பின்னர் அளக்கும் கருவி, அளவின் தரம், தண்டவாளங்களின் இடைவெளி என்று பொருள் விரிந்துகொண்டே போயிற்று. லாரியைப் பிரித்துப்போட்ட பட்டறையில் இந்த ஒரே சொல் மூன்று பொருளில் வழங்குவதைக் கேட்கலாம். முகப்புப் பலகையில் இருக்கும் ஆயில் கேஜ் ஒரு மானி. எஞ்சினின் தீப்பொறிச் சுற்றைத் திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளியைச் சரிசெய்ய உதவும் ஃபீலர் கேஜ் ஒரு தகடு. கம்பியின் கேஜ் ஓர் எண்.

அந்த எண் ஏறஏறக் கம்பி ஏன் மெலிகிறது என்பதற்குக் கம்பி இழுக்கும் தொழிலில்தான் விடை இருக்கிறது. துளைகள் வரிசையாக இடப்பட்ட எஃகுத் தகட்டைத் தமிழில் ‘கம்பியச்சு’ என்பார்கள். உலோகக் கோலை அதன் பெரிய துளையில் நுழைத்து இழுத்து, பிறகு அதனினும் சிறிய துளையில் இழுத்து, இப்படிப் படிப்படியாக மெலிய வைப்பார்கள். கேஜ் எண் தொடக்கத்தில் இந்த இழுப்புகளின் எண்ணிக்கையை ஒட்டியே அமைந்தது. நூலிலும் 40-ஆம் நம்பரைவிட 80-ஆம் நம்பர் மெல்லியது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைகீழ் வரிசை புதிதாகத் தோன்றாது. ஒன்றாம் எண்ணைவிடத் தடித்த கம்பி தேவைப்பட்டபோது சுழியத்தையும், அதற்கு மேல் இரட்டைச் சுழியம், மூன்று சுழியம் என்பவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். பேட்டரிக் கம்பிகளுக்கு அந்த எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

ஒவ்வொரு ஆலையும் தனக்கென ஒரு வரிசை வைத்திருந்த குழப்பத்தை நீக்க, பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனம் 1857-இல் கணக்கு ஒழுங்குள்ள ஒரு வரிசையை முன்வைத்தது. அதுவே இன்றைய அமெரிக்கக் கம்பி அளவை. இதில் நான்கு சுழியக் கம்பியின் விட்டம் 0.46 அங்குலம், 36-ஆம் எண் கம்பியின் விட்டம் 0.005 அங்குலம், இடையிலுள்ள ஒவ்வொரு படியும் ஒரே விகிதத்தில் குறைகிறது. இந்த ஒழுங்கினால் ஒரு நல்ல வசதி கிடைக்கிறது: மூன்று எண் இறங்கினால் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும், பத்து எண் இறங்கினால் பத்து மடங்காகும். 14-ஆம் எண்ணுக்கு 2.08 சதுர மில்லிமீட்டர், 10-ஆம் எண்ணுக்கு 5.26 சதுர மில்லிமீட்டர் என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை மனக்கணக்கிலேயே வருவித்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் 1884-இல் நடைமுறைப்படுத்திய வரிசை வேறு. அதன்படி 14-ஆம் எண் கம்பியின் விட்டம் 2.03 மி.மீ.; அமெரிக்க 14-ஆம் எண் கம்பிக்கோ 1.63 மி.மீ. தான். பரப்பில் பார்த்தால் முன்னது பின்னதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பிரிட்டிஷ் வாகனக் கம்பிகளில் பெரும்பாலும் கேஜ் எண்ணே இராது. 14/.012 என்று எழுதியிருந்தால், 0.012 அங்குல விட்டமுள்ள 14 இழைகளை முறுக்கிய கம்பி என்று பொருள். இன்றைய அளவில் அது 1 சதுர மில்லிமீட்டர், 28/.012 என்பது 2, 44/.012 என்பது 3 சதுர மில்லிமீட்டர். எத்தனை இழை, எவ்வளவு விட்டம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் இம்முறையே மேலானது என்பது என் கருத்து.

எண்ணைவிடப் பரப்பே முக்கியம் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் மின்னழுத்தம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரி 6 வோல்ட்டில் இயங்கியது. அதற்குப் பின் வந்த அமெரிக்க இராணுவ எம்35 லாரி 24 வோல்ட்டில் இயங்குகிறது. 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓடவேண்டும். நான்கு மீட்டர் நீளமுள்ள 14-ஆம் எண் கம்பி ஒன்றே அதைச் சுமந்தால், வழியிலேயே அரை வோல்ட் வீணாகும். இது மொத்த அழுத்தத்தில் எட்டு சதவீதத்துக்கும் மேல். இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் இயல்புடையதாதலால், வெளிச்சத்தில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். அதே வாட் அளவுள்ள 24 வோல்ட் விளக்குகளை எரித்தால் ஓடுவது 3.75 ஆம்பியர்தான், அதே கம்பியில் ஏற்படும் இழப்பு அரை சதவீத அளவிலேயே நிற்கும். ஆகவே 12 வோல்ட் கார்களுக்கென்று விற்கும் 4 அல்லது 6-ஆம் எண் பேட்டரிக் கம்பியை 6 வோல்ட் லாரிக்குப் பூட்டக்கூடாது. அதற்கு இரட்டைச் சுழியம், அதாவது 67 சதுர மில்லிமீட்டர் வேண்டும்.

கம்பியை வெளியிலிருந்து பார்த்து மதிப்பிடுவதும் ஆபத்தானது. இரப்பர் உறைமேல் பருத்தி நூல் பின்னி அரக்குப் பூசிய பழைய கம்பி தடித்துத் தெரியும். குறுக்கிணைப்புப் பாலித்தீன் உறையிட்ட இன்றைய வாகனக் கம்பி, அதே செம்பைக் கொண்டிருந்தும் மெலிந்து தெரியும். ஆஸ்திரேலியாவில் 4 மி.மீ. என்று விற்கப்படும் வாகனக் கம்பியில் அந்த எண் உறையையும் சேர்த்த விட்டத்தைக் குறிக்கிறது. உள்ளே இருக்கும் செம்பு 2 சதுர மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரத்தில் வரும் கம்பியிலும், அதே எண்ணுள்ள அமெரிக்க அளவைக் கம்பியைவிடச் செம்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கலாம்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கருவியைக் குறிக்கும்போது ‘மானி’, ‘அளவி’ என்பவை நன்கு நிலைபெற்றுவிட்டன. கம்பியைச் செருகிப் பார்க்கும் பள்ளங்கள் கொண்ட வட்டத் தகட்டைக் ‘கம்பி அளவி’ என்பதில் தடையில்லை. எண்ணைக் குறிக்கத்தான் சொல் வேண்டும். ‘கம்பி எண்’ எளிமையாக இருந்தாலும் இராணுவ லாரிகளுக்கு அது பொருந்தாது. போருக்குப் பிந்தைய அமெரிக்க வண்டிகளில் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சுற்று எண் பொறித்த சிறு உலோகப் பட்டை இருக்கும், அதற்கும் இதற்கும் குழப்பம் வரும். ‘பருமன்’ என்பதைப் பாடநூல்கள் கன அளவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. எனவே ‘தடிமன் எண்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். தடிமன் என்று மட்டும் எழுதினால் மில்லிமீட்டர் என எண்ணிக்கொள்வார்கள். ‘எண்’ சேர்ந்தால் இது வரிசையில் ஓர் இடம் என்பது விளங்கும். முறுக்கிய இழைகளுக்குப் ‘புரி’ என்ற நல்ல சொல் ஏற்கனவே இருக்கிறது. அதிர்வில் முறிந்துவிடும் ஒற்றைக் கம்பியை வண்டியில் இடக்கூடாது, பல புரிக் கம்பியே வேண்டும் என்று தயங்காமல் எழுதலாம்.

பரப்பளவில் விற்கும் கம்பியை வாங்குவோர் 14-ஆம் தடிமன் எண்ணுக்கு 2.5, 12-க்கு 4, 10-க்கு 6 சதுர மில்லிமீட்டர் என்று அடுத்த பெரிய அளவுக்கே போகவேண்டும். எம்35 போன்ற வண்டிகளில் நீர் புகாத இணைப்பிகளின் இரப்பர்க் கூடு கம்பியின் உறையைப் பிடித்துக்கொண்டே அடைப்பதால், செம்பின் பரப்போடு உறையின் வெளிவிட்டத்தையும் பழைய கம்பியில் அளந்து குறித்துக்கொள்வது அவசியம். மெல்லிய உறையுள்ள கம்பியை அங்கே செருகினால் மின்சாரம் தடையின்றி ஓடினாலும் கூட்டுக்குள் தண்ணீர் இறங்கும்.