பழைய படகு இஞ்சினுக்குப் பாகம் தேடும்போது

போன வருஷம் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் கடலூர் முதுநகரில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு கிரான்க் கேஸ் (இஞ்சினின் அடிக்கூடு), பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. "தம்பி, எங்க அப்பா காலத்து இஞ்சின். இதுக்கு மாத்து எங்கயாவது கிடைக்குமா?" என்று கேட்டார்.

கூடவே கொண்டுவந்திருந்த, பிஸ்டனைக் கிரான்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. 8.8 அல்லது 10.9 என்று வலிமையைக் காட்டும் எண்ணைத் தலையில் பொறித்த ஹைடென்சில் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில், எண்ணே இல்லாத சாதா போல்ட். அளவு சேர்ந்ததால் யாரோ மாட்டியிருக்கிறார்கள். அது நடுக்கடலில் அறுந்து, ராடு கேஸைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

இந்த ஒற்றை சிலிண்டர் இஞ்சின்கள் பாகம் கிடைக்காமல் வீணானதைவிட, பொருந்தாத பாகத்தை மாட்டி வீணானதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்து லிஸ்டர் கம்பெனியின் பழைய 6 குதிரைத்திறன், 650 ஆர்.பி.எம். இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4½ அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 5½ அங்குலம். அதைப் பார்த்து ராஜ்கோட்டில் நிறைய வார்த்தார்கள். அதனால் பிஸ்டன், ரிங், லைனர் தேடுவது இன்றும் பெரிய கஷ்டமில்லை. மாட்டும்போதுதான் மரை காலை வாரும். பழைய இங்கிலீஷ் இஞ்சினில் நாலு நூல் (அரை அங்குல) போல்ட் என்றால், விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் மரைக் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 டிகிரி. கடையில் அதே நாலு நூல் என்று அமெரிக்க மரையைக் கொடுத்தால் அது 13 மரை, 60 டிகிரி. இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் வார்ப்பில் உள்ள மரை போய்விடும். மரை அளக்கும் கேஜ் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரியும்.

உப்புத்தண்ணீர் படும் பாகத்துக்கு உலோகமும் முக்கியம். கன் மெட்டலில் (செம்பும் வெள்ளீயமும் முக்கியமாகச் சேர்ந்த கலவை) இருந்ததை மலிவு என்று சாதாப் பித்தளையில் கடைந்து போடுகிறார்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய், மிச்சம் நிற்பது பஞ்சுபோன்ற செம்பு. கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் சிவப்பாகத் தெரிந்தால் அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு உருவத்தைப் பார்க்கவே கூடாது, உடம்பில் பொறித்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். தோற்றம் ஒன்றாக இருக்கும், தெளிக்கும் கோணம் வேறாக இருக்கும்.

எங்குமே கிடைக்காத பாகத்தை வார்க்கலாம். ஆனால் பழைய பாகத்தையே மாதிரியாக மணலில் பதித்தால் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. பாகம் 99 ஆகத்தான் வரும். கடைந்து அளவுக்குக் கொண்டுவரத் தேவையான கூடுதல் உலோகமும் (சதை) மிச்சம் இருக்காது. அதனால் சுருக்கத்தையும் கடைசல் சதையையும் சேர்த்து மரத்தில் தனி மாதிரி செய்யச் சொல்லுங்கள். உடைந்த பாகத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அளவெடுக்க அதுதானே ஆதாரம்!

நார்வேயின் சாப், டென்மார்க்கின் புக் மாதிரி இஞ்சின் வைத்திருப்பவர்கள் குஜராத்தின் அலங்கையும் விசாரியுங்கள். அங்கே உடைக்க வரும் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் இவ்வகை இஞ்சின்கள் இருந்திருக்கின்றன. விசாரிக்கும் முன் பெயர்த் தகட்டின் பெயின்ட்டை மெதுவாகச் சுரண்டி, எண் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டைக் கழற்ற வேண்டாம்.

தேவனாம்பட்டினத்தாருக்கு மாற்றுக் கேஸ் கிடைக்கவில்லை. இருந்ததையே சூடேற்றி, நிக்கல் வெல்டிங் ராடால் ஒட்டு வைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, பேரிங் நேர்கோட்டைச் சரிபார்த்துக் கொடுத்தேன். ஓடுகிறது. மாதம் ஒருமுறை ஒட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் இங்குள்ள லேத்துகளில் விசைப்படகு வேலைதான் நிறைந்திருக்கும். சின்ன இஞ்சின்காரர்கள் பிப்ரவரியிலேயே பிரித்து, அளவெடுத்துக்கொண்டு வாருங்கள்.