டிரான்ஸ்ஃபர்: தாவலும் இல்லை, தண்ணியில்லாக் காடும் இல்லை

போன வாரமும் கேட்டாயிற்று. அரசரடிப் பக்கம் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடை, இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் டிவியில் விளையாட்டுச் செய்தி. "ஒப்பந்தம் முடிந்த நிலையில் அவர் வேறு அணிக்குத் தாவினார்" என்று வாசிக்கிறார்கள். பக்கத்தில் பார்சிலோனா பனியன் போட்ட பையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குத்தான் டீ கசந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆள் எதிலிருந்து தாவுவார்? அக்ரிமென்ட் முடிந்து, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அட்வான்ஸைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் குடிபோகிறவரை 'வீடு தாவினார்' என்று மதுரையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கால்பந்தில் ஆட்டக்காரர் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போவதை ஆங்கிலத்தில் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். லத்தீன் வழி வந்த சொல். 'டிரான்ஸ்' என்றால் அந்தப் பக்கம், 'ஃபெர்ரே' என்றால் சுமப்பது. நம் ஊர்ப் பேச்சில் அங்கிட்டுத் தூக்கிக்கொண்டு போவது. வேர் அவ்வளவுதான்.

கால்பந்தில் அங்கிட்டுத் தூக்கிப்போவது எதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆளை அல்ல, அவருடைய பதிவை. 1885-ல் இங்கிலாந்தில் காசு வாங்கி ஆடலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஏதாவது ஒரு கிளப்பில் பதிந்திருக்க வேண்டும் என்று ஆனது. அந்தப் பதிவு கிளப்பின் பெட்டிக்குள் இருக்கும். அது இன்னொரு கிளப்புக்குப் போவதற்குப் பெயர்தான் டிரான்ஸ்ஃபர். 1905-ல் ஆல்ஃப் காமன் என்பவர் சண்டர்லேண்டிலிருந்து மிடில்ஸ்பரோவுக்குப் போனபோது முதல்முறையாக 1000 பவுண்டு கைமாறியது. ஊரே வாயில் கை வைத்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் பதிவை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மன் 1990-ல் ஒப்பந்தம் முடிந்து வேறு கிளப்புக்குப் போகப் பார்த்தார், பழைய கிளப் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார், 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்தவருக்குக் காசு கேட்கக் கூடாது என்பது அதற்கப்புறம்தான் வந்தது. அந்த மனிதர் ஆடும் வயதில் பாதியை வழக்கிலேயே தொலைத்து வாங்கிக் கொடுத்த உரிமையைத்தான் நாம் டிவியில் 'தாவினார்' என்று வாசிக்கிறோம்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

'இடமாற்றம்' என்பது ஒரு கூட்டம். தமிழ்நாட்டில் இடமாற்றம் என்றால் யாருக்கு நடக்கும்? தாசில்தாருக்கு, இன்ஸ்பெக்டருக்கு, வாத்தியாருக்கு. மேலே இருப்பவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார், போகிறவரை யாரும் கேட்பதில்லை. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று மிரட்டுவார்களே, பெரும்பாலும் பக்கத்து ராமநாதபுரத்தை மனதில் வைத்து, அந்த வாசனை இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஊர் மாறினாலும் சம்பளம் கொடுப்பது அதே அரசாங்கம்தான். கால்பந்தில் சம்பளம் கொடுப்பவரே மாறுகிறார், அதுவும் ஆட்டக்காரர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான். அப்புறம் 'இடம்' எங்கே மாறுகிறது? 2001-ல் சோல் கேம்பல் என்ற ஆட்டக்காரர் டாட்டன்ஹாம் கிளப்பை விட்டு அதன் பரம எதிரி ஆர்சனலுக்குப் போனார். இரண்டுமே வடக்கு லண்டன், செல்லூரிலிருந்து திருநகருக்குப் போகிற தூரம்கூட இல்லை. அவர் வீட்டுப் பால்காரரைக்கூட மாற்றியிருக்க வேண்டியதில்லை. ஆனால் டாட்டன்ஹாம் ரசிகர்கள் அவரை யூதாஸ் என்று ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். இடம் மாறியதற்கா கத்தினார்கள்?

'பெயர்ச்சி' என்று ஒரு நண்பர் சொன்னார். சொல் அழகுதான், ஆனால் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி வரிசையில் பிரேசில் ஆட்டக்காரர் நெய்மரின் பெயர்ச்சியும் வந்தால் பலன்கள் பக்கத்தில் போடத்தான் சரிப்படும்.

இன்னொன்று 'விற்கப்பட்டார்', 'ஏலம் போனார்'. இது ஐபிஎல் செய்த வேலை. 2008-லிருந்து கிரிக்கெட் ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கால்பந்திலும் யாரோ சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார்கள் என்ற நினைப்பு. ஐரோப்பாவில் அப்படி ஓர் ஏலமே கிடையாது. இரண்டு கிளப்பும் ஒரு தரகரும் உட்கார்ந்து பேசுவார்கள், மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது மாதிரி, என்ன முடிந்தது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. நம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிறு, அதிலிருந்து சந்தைக்கும் அதே பெயர். வேடிக்கையாகச் சொல்ல இந்த ஒப்புமை நன்றாக இருக்கும், செய்தியில் எழுத ஆகாது. மாடு புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது. 2017-ல் நெய்மர் பார்சிலோனாவை விட்டுப் பாரிஸ் கிளப்புக்குப் போக 222 மில்லியன் யூரோ, இன்றுவரை அதுதான் உச்சம். அந்தப் பணத்தை நெய்மரின் வக்கீல்கள் பார்சிலோனா அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த தொகை அது. பார்சிலோனா விற்கவே இல்லை, விற்க மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நம் பத்திரிகைகளில் 'பார்சிலோனா நெய்மரை விற்றது'.

சரி, தாவலுக்கு வருகிறேன், கோபம் அங்கேதான்.

தாவுவது குரங்கு செய்யும் வேலை. அரசியலில் அதைக் கொண்டுவந்து வைத்தது பொருத்தம்தான், யாரும் மறுக்கப் போவதில்லை. 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது, பத்தாவது அட்டவணை என்பார்கள். ஒரு சின்னத்தில் ஓட்டு வாங்கிவிட்டு, பதவிக்காலம் முடிவதற்குள் இன்னொரு கட்சிக்குப் போனால் அது தாவல். அங்கே வாக்குக் கொடுத்திருக்கிறார், அதை மீறுகிறார், சொல்லில் கண்டனம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். கால்பந்து வீரருக்கு யார் ஓட்டுப் போட்டது? இத்தனை வருஷம் ஆடுகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறார். வருஷம் முடிந்தால் போகலாம், முடியாவிட்டால் கிளப் சம்மதித்தால் போகலாம், இல்லை எழுதிவைத்த தொகையைக் கட்டிவிட்டுப் போகலாம். இதில் எதுவும் இல்லாமல் நடுவில் எழுந்து போனால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி இழப்பீடு உண்டு, ஆடத் தடையும் வரலாம். தாவல் என்று ஒன்று உண்டானால் அதுதான். ஆக, விதிப்படி நடக்கும் டிரான்ஸ்ஃபர் என்பதே தாவாமல் போவது. நம் ஆட்கள் அதற்கே தாவல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

ரசிகருக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2000-ல் ஃபிகோ என்ற ஆட்டக்காரர் பார்சிலோனாவை விட்டு அதன் பரம எதிரி ரியல் மாட்ரிட்டுக்கே போனார், 2002-ல் அந்தச் சட்டையோடு பழைய மைதானத்துக்கு வந்தபோது கார்னர் அடிக்க நின்ற இடத்தில் பன்றித் தலை வந்து விழுந்தது. அவரைத் தாவினார் என்று ஒரு பார்சிலோனாக்காரர் சொன்னால் நான் குறுக்கே பேச மாட்டேன். அதே சொல்லை 2021 ஆகஸ்டில் மெஸ்ஸிக்கும் எழுதினார்களே, அதுதான் தாங்கவில்லை. அவர் பார்சிலோனாவில் இருக்கத்தான் விரும்பினார். ஸ்பெயின் லீகின் செலவு வரம்புக்குள் அவர் சம்பளத்தைப் பதிய முடியவில்லை என்று கிளப்பே கைவிரித்தது, மனிதர் எல்லோர் முன்னாலும் அழுதார், இரண்டு நாளில் பாரிஸ் கிளப். இதுவும் தாவல், ஃபிகோவும் தாவலா? எங்குமே போகாத இத்தாலிக்காரர் மால்டினி கதையைக் கேளுங்கள். 1985-லிருந்து மிலான் ஒன்றுக்கே ஆடியவர், 2009-ல் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், அன்றைக்கும் ஒரு பகுதி ரசிகர்கள் விசிலடித்து அவமானப்படுத்தினார்கள். ரசிகரின் தீர்ப்பு அப்படித்தான், ஆளைப் பொறுத்து, அன்றைய மனநிலையைப் பொறுத்து மாறும். அதை அவர் தன் வாயால் சொல்லிக்கொள்ளட்டும். நடந்ததைச் சொல்கிற சொல்லுக்குள் தீர்ப்பை முன்கூட்டியே ஒளித்துவைக்க வேண்டாம் என்பதுதான் என் வழக்கு.

நான் எழுதுவது 'அணிமாற்றம்'. புதுச்சொல் ஒன்றும் இல்லை, பலர் எழுதுகிறார்கள், நான் அதன் பக்கம் நிற்கிறேன். அணி என்றால் வரிசை, படை. அணிவது என்றால் உடுத்துவதும்தான், சட்டை மாறுகிறது என்ற பொருளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைவிட முக்கியம், பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அது இங்கே சும்மா கிடைக்கிறது. மாறினார் என்றால் அவராகப் போனார். மாற்றினார்கள் என்றால் கிளப் அனுப்பியது. மாற நேர்ந்தது என்றால் மெஸ்ஸி. மாற விடவில்லை என்றால் போஸ்மன். ஒரே வேரில் நான்கு கதை. இவ்வளவு வசதியை வீட்டில் வைத்துக்கொண்டு குரங்கிடம் கடன் வாங்குவானேன்?

என் அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மாமா, நம்ம ஊர்ல அணி மாறுனார்னாலே கட்சிக்காரன் ஞாபகம்தான் வருது." உண்மைதான். 2017-ல் இந்த அணி, அந்த அணி, அணிகள் இணைப்பு என்று ஒரு வருஷம் முழுக்க அந்தச் சொல்லைப் போட்டுத் துவைத்துவிட்டார்கள். 'கழகம்' என்று எழுதலாமென்றால் அது இன்னும் மோசம், கால்பந்துக் கழகத்திலிருந்து விலகினார் என்றால் பாதிப் பேர் பொதுக்குழுவைத் தேடுவார்கள். அரசியல்வாதி தொட்டதையெல்லாம் விட்டுவிட்டால் பேச மிச்சம் என்ன இருக்கும்? அணிமாற்றத்தில் லேசாகத்தான் கறை, தாவலில் சாயமே அதுதான்.

இதைவிடக் கொடுமை 'லோன்', அதாவது ஒரு கிளப் தன் ஆட்டக்காரரைக் கொஞ்ச காலத்துக்கு இன்னொரு கிளப்புக்குக் கொடுத்து வாங்குவது. சில வருஷங்களுக்கு முன் ஒரு விளையாட்டுத் தளத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் 'இரவல்' என்று எழுதி அனுப்புவேன், 'கடன்' என்று மாறி வெளிவரும். கேட்டால், இரவல் பழைய சொல், யாருக்கும் புரியாது என்றார்கள். யாருக்குப் புரியாது? பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் அது கடன், வேறு சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கலாம். அவசரத்துக்கு நூறு ரூபாய் வாங்கினால் கைமாத்து. கல்யாணத்துக்கு அண்டாவோ ஏணியோ நகையோ வாங்கினால் இரவல், வாங்கிய அதே பொருள் திரும்பி வர வேண்டும். பார்சிலோனா தன் பிரேசில் ஆட்டக்காரர் கூட்டின்யோவை ஒரு வருஷம் ஜெர்மனியின் பேயர்ன் கிளப்புக்குக் கொடுத்தால், வருஷம் முடிந்ததும் வேறொரு பிரேசில்காரரை அனுப்பினால் போதுமா? கூட்டின்யோவேதான் வர வேண்டும். அதனால் இரவல். அந்த இரவல் என்ன செய்தது என்பதும் தெரியும்: 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பேயர்ன் பார்சிலோனாவை 8-2 என்று அடித்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தன்னைக் கொடுத்த கிளப்புக்கு எதிராகவே இரண்டு கோல். நாம் கொடுத்த அரிவாளாலேயே நம் தோப்பில் தார் வெட்டினால் எப்படி இருக்கும்! வாங்குகிற கிளப்புக்கும் பழமொழி இருக்கிறது, இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை. இதையெல்லாம் விட்டுவிட்டு 'கடனில் சென்ற வீரர்' என்று தலைப்புப் போட்டால், பாவம் மனிதர் வட்டி கட்ட முடியாமல் ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்றுதான் எங்கள் அம்மா நினைப்பார்.

மொழிபெயர்க்கிறவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லையோ என்று சில நேரம் சந்தேகம் வருகிறது. 'பரிமாற்ற ஜன்னல் மூடப்பட்டது' என்று படித்திருக்கிறேன். எந்த ஜன்னல், கொசு வரும் ஜன்னலா? அணி மாறுகிறவர்களைப் பதிய அனுமதிக்கும் காலத்துக்கு ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்ஃபர் விண்டோ' என்று பெயர், அதன் நேர் மொழிபெயர்ப்பு இது. ஃபிஃபா விதிப் புத்தகமே அதைப் பதிவுக் காலம் என்றுதான் சொல்கிறது. நேராக அப்படியே தமிழில் வருவதை விட்டு ஜன்னலைத் தூக்கி வருகிறார்கள். 'இலவச இடமாற்றம்' அடுத்தது. இலவச மிக்ஸி, இலவச கிரைண்டர் வரிசையில் ஒரு சென்டர் ஃபார்வர்டு. பழைய கிளப்புக்குப் பணம் இல்லை, அவ்வளவுதான், அந்தக் காசில் நல்ல பங்கு கையெழுத்துத் தொகையாக ஆட்டக்காரருக்கும் தரகருக்கும் போய்விடும். 'தொகையில்லா அணிமாற்றம்' என்றால் என்ன குறைந்துவிடும்?

'விசுவாசம்' பற்றியும் ஒரு வரி. கிளப்புக்கு விசுவாசமாக இருந்தார் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நாம் சர்ச்சிலும் நாயிடமும் பயன்படுத்துகிறோம், இரண்டுமே இத்தாலிய ஆட்டக்காரர் டோட்டிக்குப் பொருந்தாது. ரோமில் பிறந்து, 1993-லிருந்து 2017 வரை அந்த ஊர்க் கிளப்பான ரோமாவுக்கே ஆடியவருக்கு இருந்தது பற்று. ஊர்ப்பற்று, மொழிப்பற்று என்கிறோமே, அதே பற்று. கடைக் கணக்கில் பற்று, வரவு என்று எழுதுகிற பற்றும் அதுதான், டோட்டி சும்மா ஆடவில்லை, சம்பளமும் வாங்கினார் என்பதும் அதில் சேர்ந்துவிடுகிறது.

போன ஜூனில் லிவர்பூலின் ட்ரென்ட் அலெக்சாண்டர் அர்னால்டை வைத்து வீட்டில் ஒரு சண்டை. 2025-ல் ஒப்பந்தம் முடியப்போகிறது, ரியல் மாட்ரிட்டுக்குப் போகிறேன் என்று அவர் சொன்னதும், ஆறு வயதிலிருந்து வளர்த்த ஊர்க்காரர்களே மைதானத்தில் ஊளையிட்டார்கள். அக்கா மகன் தீவிர லிவர்பூல். "தாவிட்டான் மாமா" என்றான். ஒப்பந்தக் கதையை மறுபடி ஒருமுறை சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், பிறகு "சரி, மாறிட்டான். நன்றி கெட்டவன்" என்றான்.

எனக்கு அது போதும்.