புயலடிக்கும்போது கதவைத் திறப்பதா, சாத்துவதா?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. புயல் வந்தால் முன்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும், கூரை தப்பிக்கும் என்கிறார் என் மாமனார். உண்மையா?”

மாமனார் சொல்வது காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. எதிர்த்து நின்றால் ஒடியும், வழி விட்டால் போகும் என்று நாணலைக் காட்டிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வீடு நாணல் இல்லை.

முதலில் காற்றின் கணக்கு. ஒரு பரப்பின் மேல் காற்று மோதும்போது உண்டாகும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. நம் நாட்டுக் கட்டடப் பொறியாளர்கள் இதை 0.6 × வேகம் × வேகம் என்று போடுகிறார்கள். வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 120 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 33 மீட்டர். பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 660 நியூட்டன். எளிதாகச் சொன்னால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 67 கிலோ எடையுள்ள ஓர் ஆள்.

சுவரில் அந்த ஆள் உள்நோக்கித் தள்ளுகிறார். கூரையில்? அங்கே அவர் மேலே நின்று இழுக்கிறார்.

இது எப்படி என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், வாய்க்கால் மதகு போதும். தண்ணீர் நிறைய ஓடும் நாளில் மதகின் பக்கச் சுவர் முடியும் இடத்தைக் கவனியுங்கள். நேராக வேகமாக வரும் தண்ணீரால் அந்த மூலையில் சட்டென்று திரும்ப முடியாது. சுவரை விட்டு விலகிப் போய்விடும். விலகிய இடத்தில் சின்னச் சின்னச் சுழல்கள் பிறக்கும். ஒவ்வொரு சுழலின் நடுவிலும் தண்ணீர் குழிந்திருக்கும். அழுத்தம் குறைந்த இடம் அது. பக்கத்தில் மிதக்கும் சருகு அந்தக் குழிக்குள் போய்ச் சுற்றும்.

கூரையிலும் இதேதான். சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, கூரை விளிம்பில் திரும்ப முடியாமல் பிய்த்துக்கொண்டு எழும்புகிறது. பிய்ந்த இடத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே சுழல்கள். அவற்றின் மையத்தில் அழுத்தம் குறைவு. ஷீட்டுக்குக் கீழே அறைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் அதைவிட அதிகம். ஆக, சருகு இருக்கும் இடத்தில் இப்போது ஷீட்.

காற்று சுவரை நேராக அடிக்காமல் வீட்டின் மூலையைக் குறிவைத்துச் சாய்வாக வந்தால் இன்னும் அழகு, இன்னும் மோசம். மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளையும் ஒட்டி இரண்டு சுழல்கள் படுத்தவாக்கில் நீளும். இரண்டு நாதஸ்வரங்களின் ஊதுமுனையான சீவாளிகளை அந்த மூலையில் ஒன்றாக வைத்து, அகன்ற வாயான அணசுகளை இரண்டு பக்கமும் விரித்துப் போட்ட மாதிரி. மூலைக்குப் பக்கத்தில் சுழல் மெல்லியது, இறுக்கமாகச் சுற்றுவது. அதனால் உறிஞ்சல் அங்கேதான் உச்சம். கூரையின் நடுப்பகுதியைவிட மூலையில் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகலாம். கான்கார்ட் விமானத்தின் முக்கோண இறக்கை குறைந்த வேகத்தில் இறங்கும்போது அதைத் தாங்கியதும் இதே வகைச் சுழல்தான். கோடிக்கணக்கில் செலவழித்து விமானத்தில் வரவழைத்ததை நாம் பத்துக்குப் பதினைந்து அறையில் காசில்லாமல் பெறுகிறோம். புயலுக்கு அப்புறம் ஊருக்குள் நடந்து பாருங்கள். பாதிக் கூரை போன வீடுகளில் பெரும்பாலும் மூலை ஷீட்தான் முதலில் போயிருக்கும்.

இப்போது கதவு. பத்தடிக்குப் பதினைந்தடி அறையின் கூரை சுமார் 14 சதுர மீட்டர். எல்லாம் சாத்தியிருந்தால், 120 கி.மீ. காற்றில் மேலிருந்து இழுக்கும் விசை மொத்தம் முக்கால் டன் வரை வரும். காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்று அறையை ஊதிய பலூனாக்கிக் கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல், இரண்டும் ஒரே திசையில். கணக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் ஆகிவிடும். அந்தக் கூரையில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸின் எடை சுமார் 200 கிலோ. தகரம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

எதிரெதிர்க் கதவு இரண்டையும் திறந்தால் உள்ளழுத்தம் கொஞ்சம் குறையும் என்பது சரிதான். ஆனால் எந்த நேரத்தில் எந்தக் கதவு காற்றுக்கு நேராக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டால் மிச்சமிருப்பது பலூன்தான். எனவே சாத்துங்கள். தாழ்ப்பாளை மட்டும் நம்பாமல் உள்பக்கம் குறுக்குக் கட்டை கொடுங்கள்.

மாமனாருக்காக ஒரு வார்த்தை. ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியழுத்தமும் உள்ளழுத்தமும் சமமாகும், வீடு தப்பிக்கும் என்று அமெரிக்காவில் சூறாவளிக்கு நெடுங்காலம் அறிவுரை சொன்னார்கள். பிறகு தவறென்று கைவிட்டார்கள். அந்த யோசனை முட்டாள்தனமும் இல்லை. புயல் மையம் நெருங்கும்போது வெளியே காற்றழுத்தம் 30 மில்லிபார் குறைகிறது என்றால், அது சதுர மீட்டருக்கு 3000 நியூட்டன். நாம் மேலே போட்ட 660-ஐவிட நாலரை மடங்கு. வீடு காற்றுப் புகாத டப்பாவாக இருந்தால் நிச்சயம் வெடிக்கும். ஆனால் 30 மில்லிபார் என்பது மொத்த அழுத்தத்தில் நூற்றில் மூன்று பங்கு. அறைக்குள் இருக்கும் காற்றில் நூற்றில் மூன்று பங்கு வெளியேறினால் சமமாகிவிடும். அதற்குப் பல மணி நேர அவகாசம் இருக்கிறது. கதவுக்கு அடியில் எலி நுழைகிற வீட்டில் இது ஒரு வேலையா?

சரி, கூரையை எப்படிப் பிடித்து வைப்பது? மணல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றுவது நம் வழக்கம். ஒன்றரை டன்னைச் சமாளிக்க ஐம்பது கிலோ மூட்டை முப்பது வேண்டும். அவ்வளவு ஏற்றினால் புயல் வருவதற்கு முன்பே ஷீட் உடையும். நாலைந்து மட்டும் ஏற்றினால் கூரை போகும்போது மூட்டை தலையில் விழும்.

எடையைவிடக் கட்டுதான் முக்கியம். ஷீட்டைக் குறுக்குப் பைப்போடு சேர்ப்பது ஜே போல்ட், கொக்கி போல வளைந்த ஆணி. பைப்பைச் சுவரோடு சேர்ப்பது பெரும்பாலும் கொத்தனார் பூசிய ஒரு கை சிமென்ட். இதனால்தான் சில வீடுகளில் ஷீட் ஒன்றுகூடக் கழலாமல், மேல் வரிசைக் கல்லோடு கூரை மொத்தமாகப் பறக்கிறது. பைப்பிலிருந்து கம்பி இறங்கி, கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட் வரைக்கும் போயிருக்க வேண்டும். கட்டும்போதே செய்தால் செலவு அதிகமில்லை. மூலைகளிலும் ஓரங்களிலும் ஜே போல்ட்டை நெருக்கமாகப் போடுங்கள், நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்டு. முன்னால் இறக்கும் சாய்ப்பைத் தனிக் கட்டாக இறக்குங்கள். அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

தகரக் கூரைக்கு இன்னொரு ஆபத்து. 1974 கிறிஸ்துமஸ் நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி என்ற புயல் அடித்தது. மணிக்கு 217 கி.மீ. காட்டிவிட்டு விமான நிலையத்தின் காற்றுமானி உடைந்துபோனது. அப்புறம் கூரைகளை ஆராய்ந்தபோது, திருகாணி பிடுங்கிக்கொண்டு வராமல் திருகாணியைச் சுற்றியிருந்த தகரம் கிழிந்திருந்தது தெரிந்தது. காற்று ஒரே சீராக இழுக்காது, விட்டு விட்டு உலுக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே வேலை ஓட்டையைச் சுற்றி நடந்திருக்கிறது. ஆகவே துரு பிடித்த ஓட்டையும் வாஷர் இல்லாத போல்ட்டும் ஐப்பசிக்கு முன்னாலேயே பார்க்க வேண்டியவை.

கீற்றுக் கூரை என்றால், மீனவர்கள் பழைய வலையை மேலே விரித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவார்கள். இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் பரவும் நல்ல உத்தி. கயிற்றைத் தென்னையில் மட்டும் கட்டாதீர்கள். மரம் ஆடும்போது கூரையும் கூடவே ஆடும். கஜா புயலில் தென்னைகள் என்ன ஆயின என்று பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் கிடக்கும் மட்டை, பழைய தகரம், ஓட்டைக் குடம் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போடுங்கள். பறந்து வந்து ஜன்னலை உடைப்பது அவைதான், உடைந்த ஜன்னலும் திறந்த கதவும் ஒன்று. கீற்று வீட்டுக்காரர்களும் கட்டு பலவீனமான ஷீட் வீட்டுக்காரர்களும் என்ன கட்டினாலும் ரேஷன் கார்டையும் பட்டாவையும் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்குப் போய்விடுவதுதான் உத்தமம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கார்த்திகையில் புயல் வரும் என்று பஞ்சாங்கம் அன்றே சொன்னது என ஒவ்வோர் ஆண்டும் யாராவது அனுப்பி வைக்கிறார்கள். சித்திரையில் வியர்க்கும் என்றும் சொல்லலாமே. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. டார்வினுக்குப் பிறகு, 1977-இல் ஆஸ்திரேலியர்கள் டவுன்ஸ்வில்லில் புயல் சோதனை நிலையம் ஒன்றையே தொடங்கி, சாதாரண வீட்டுக் கூரையையும் திருகாணியையும் பிடித்து உலுக்கிப் பார்க்கிறார்கள். நம் டெல்டாவிலும் ஹாலோ பிளாக் சுவரும் எட்டு ஷீட்டும் உள்ள ஓர் அறையை முழு அளவில் கட்டி, பிய்யும்வரை இழுத்துப் பார்க்க ஒரு கொட்டகை வேண்டும் என்பது என் ஆசை. ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் துளி போதும்.

கதவு விஷயத்தில் ஒன்று மிச்சம். நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டினால், ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் மையம் இருக்கும். கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் உங்கள் ஊர் வழியாகவே போனால், முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். அப்புறம் இலை அசையாத அமைதி. அதற்குப் பின் தெற்கிலிருந்து.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது, வேதாரண்யம் பக்கம் என் பெரியம்மா வீட்டின் கூரை வடக்குக் காற்றைத் தாங்கிவிட்டது. காற்று நின்றதும், முடிந்தது என்று நினைத்துக் கொல்லைக்குப் போய் ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த அவசரத்தில் கதவை ஒருக்களித்து விட்டுவிட்டார்கள். கொல்லை வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது.